நடுவில் வைத்த கேரியர்

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் அந்தக் காலத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காலையில் கேட்டுக்குள் நுழையும்போதே மத்தியானச் சாப்பாட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறவன், வீட்டில் பொங்கிப் போட ஆள் இல்லாதவன். வீட்டில் ஆள் இருக்கிறவனுக்குச் சாப்பாடு பின்னால் கூடையில் வரும், சுடச்சுட, மத்தியானச் சங்கு ஊதுவதற்குள். இதை யாரும் போர்டில் எழுதி மாட்டவில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூட ஒரு வாரத்தில் விளங்கிவிடும்.

பாய்லர் ஷாப் ஃபிட்டர் அடைக்கலராஜுக்கும் கூடையில்தான் சாப்பாடு வந்தது. மூன்றடுக்குப் பித்தளைக் கேரியர், அடையாளத்துக்குப் பிடியில் பச்சை நூல். பாலக்கரைச் சந்துகளில் வீடு வீடாகக் கேரியர்களை வாங்கி, பெரிய கூடையில் அடுக்கி, சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வருகிறவள் அமிர்தம். மருங்காபுரிப் பக்கம் மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், புருஷனையும் பறிகொடுத்துவிட்டுத் திருச்சிக்கு வந்தவள். சாப்பாடு கொடுத்து, காலிக் கேரியரைத் திருப்பிக் கொண்டுபோய் வாசலில் வைப்பதும் அவள் வேலை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அடைக்கலராஜ் வீட்டில் பொங்கிப் போட ஆளே இல்லை.

பிறகு யார் சமைத்தது? அவரேதான். விடிவதற்கு முன்னால் எழுந்து பம்ப் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டி, சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, ஒரு பொரியலைக் கிளறி, கேரியரில் அடைத்து வாசல் மாடத்தில் வைப்பார். மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, முதல் சங்குக்குச் சைக்கிளை மிதிப்பார். வெயில் ஏறிய பிறகு அமிர்தம் வந்து எடுத்துக்கொள்வாள். அவர் குடியிருந்த சந்தில் எல்லாரும் மண்டிக்காரர்கள், ஒர்க்ஷாப் ஆள் ஒருத்தரும் இல்லை. அதனால் நாலு வருஷமாக வண்டி ஓடியது. ஒரு மனுஷன் தனக்குத்தானே சமைத்து, தனக்குத்தானே அனுப்பி, அதைப் பெண்டாட்டி அனுப்பியதாகச் சொல்லிச் சாப்பிடுவதென்றால் எப்படி இருக்கும்? சிரிக்கலாம்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

பெண்டாட்டி இருந்தாள். சவரியம்மாள். செத்துப்போகவும் இல்லை, சண்டை போட்டுச் சந்தி சிரிக்கவும் இல்லை. அடைக்கலராஜ் கெட்ட மனுஷனும் அல்ல; குடி கிடையாது, கை நீட்டுகிற வழக்கம் கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான்: "நேரமில்ல." காலையில் நேரமில்லை என்று வாசலில் நின்றபடி இரண்டு இட்டிலியை வாயில் போட்டுக்கொண்டு ஓடுவார். ஓவர்டைம் என்றால் மறுக்க மாட்டார். ராத்திரி வருகிற வழியில் பசி தாங்காமல் ஏதாவது கிளப்புக் கடையில் புரோட்டாவும் சால்னாவும் அடித்துவிட்டு வந்து, "வயிறு நெறஞ்சிருக்கு, எனக்கு வேணாம்" என்று பாயை விரிப்பார். அவள் அதுவரை சாப்பிடாமல் காத்திருப்பாள். அப்புறம் அவளுக்கும் பசி செத்துவிடும். சோற்றுப் பானையில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் படுப்பாள்.

ஒருநாள், இருநாள் அல்ல. பத்து வருஷம். பிள்ளை குட்டி இருந்திருந்தால் அந்தச் சத்தத்தில் இது அமுங்கிப் போயிருக்கும். அதுவும் இல்லை. நயா பைசா வந்த வருஷம் ஒரு காலையில் அவள் தன் டிரங்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சோத்துல தண்ணி ஊத்தி ஊத்தியே எனக்குக் கை ஓஞ்சுபோச்சுங்க. ஜீயபுரத்துக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப நேரம் கெடைக்குதோ அப்ப வந்து கூப்பிடுங்க."

அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போகாதே என்று ஒரு வார்த்தை. அதற்குள் சங்கு ஊதிவிட்டது. "சாயங்காலம் பேசிக்கலாம்" என்று சைக்கிளில் ஏறிவிட்டார். சாயங்காலம் வீட்டில் பூட்டுதான் இருந்தது.

முதல் மாதம் கேன்டீனில் சாப்பிட்டார். பக்கத்து பெஞ்சு மதுரைவீரன் கேட்டார்: "என்ன அடைக்கலம், கேரியர் வரல?" மதுரைவீரனும் ஃபிட்டர்தான், வாயும் பெரிது, மனசும் பெரிது. "ஊருக்குப் போயிருக்கா" என்றார் அடைக்கலராஜ். இரண்டாவது மாதமும் அதையே சொன்னார். மூன்றாவது மாதம் சொல்ல நாக்கு எழவில்லை. அன்றைக்குத்தான் பரணிலிருந்து கேரியரை இறக்கிப் புளி போட்டு விளக்கினார்.

பொய் என்பது அதோடு நிற்குமா? அதற்கும் தினம் தீனி போட வேண்டும். ஒர்க்ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கேரியரைத் திறந்தால், யார் அடுக்கில் யார் கை போகும் என்று கணக்கே கிடையாது. அவர் வட்டத்தில் உட்கார்ந்தால் ஒரு கை குழம்பைத் தொட்டுப் பார்க்கும், இது பெண்பிள்ளை வைத்த குழம்பா என்று நாக்கு சொல்லிவிடும். ஆகவே, "எனக்கு வயிறு சரியில்லப்பா, பத்தியச் சாப்பாடு" என்று சொல்லிக் கேரியரை எடுத்துக்கொண்டு பழைய பாய்லர் தகடுகள் கிடக்கிற மூலைக்குப் போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கடையில் அச்சு முறுக்கு வாங்கி, வீட்டில் சுட்டது போல இருக்கட்டும் என்று ஓரங்களை உடைத்துவிட்டு, எல்லாருக்கும் கொடுப்பார். "தங்கச்சி கைப்பக்குவமே தனிப்பா" என்பார் மதுரைவீரன். அடைக்கலராஜ் சிரித்து வைப்பார்.

அத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில், சுத்தியல் சத்தமெல்லாம் அடங்கிய அந்த நேரத்தில், ஒரு தகரத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவது. கொடுமைதான். ஆனால் அதில் அவருக்கு ஒரு சின்ன சுகம் இருந்தது. கேரியரைக் கையில் வாங்கும்போது லேசாகச் சுடும். கொதிக்கக் கொதிக்க அல்ல, வெதுவெதுப்பாக. விடியற்காலம் வடித்த சோறு, ஆறி அவலாகியிருக்க வேண்டியது, எப்படிச் சுடுகிறது? வெயிலாக இருக்கும் என்று அவர் அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்க இஷ்டமில்லை. இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். யாரோ ஒருத்தி அடுப்படியிலிருந்து இப்போதுதான் இறக்கி அனுப்பிய மாதிரி இருக்கும். பிறகு திறப்பார். லேசாகப் புளிப்பு வாடை அடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லக்கூடச் செய்யாமல் மடமடவென்று விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார்.

வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? பத்தியம் என்று சொன்ன பொய் பலித்தே விட்டது. முதலில் எரிச்சல், பிறகு நெஞ்சுக்குக் கீழே ஆணி அடித்தாற்போல வலி. ஒரு சித்திரை மாதம் தகட்டின்மேல் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஷாப் முழுக்கத் தெரிந்துவிடும் என்று, பாலக்கரையிலேயே கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஷரபுன்னிசாவிடம் போனார். கண்டிப்பான அம்மாள். அமுக்கிப் பார்த்தாள், கேள்வி கேட்டாள்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"டீ."

"டீ சாப்பாடாங்க? சரி, மத்தியானம்?"

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டரம்மா. கேரியர்ல வரும்."

"எத்தனை மணிக்குச் சமைக்கிறாங்க?"

"பத்து மணிக்கு" என்றார், பழக்கதோஷத்தில்.

"கெட்டுப்போன வாடை ஏதாவது வருதா?"

"லேசாப் புளிச்சிருக்கும்."

டாக்டரம்மாள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "பத்து மணிக்கு ஆக்குன சோறு பன்னெண்டு மணிக்குப் புளிக்குமா? எனக்குக் காது குத்தாதீங்க. இது வயித்துப் புண்ணு. இப்படியே விட்டா ஓட்டை விழும், அப்புறம் கத்திதான். நான் சொல்றது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. பசியோ இல்லையோ, வேளைக்குச் சாப்பிடணும். காரம், புளி, அந்தப் புரோட்டாக் கடை, எல்லாத்தையும் விடணும். கீரை, மோர், வாழைப்பழம் சேத்துக்கணும். உக்காந்து மென்னு சாப்பிடணும், ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி முழுங்கக் கூடாது. சோறு இருந்தா கொதிக்கக் கொதிக்க இருக்கணும், இல்ல முழுசா ஆறி இருக்கணும். ரெண்டுங்கெட்டான் சூட்டுல வச்சிருந்தா அதுதான் எமன்."

"வேலை அப்படி டாக்டரம்மா. நேரமில்ல."

"ஆம்பிளைங்ககிட்ட சொல்லிப் பிரயோசனமில்ல. அடுத்த வாரம் உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்ட சொல்றேன். அவங்க வராம நான் மருந்து எழுத மாட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். தெருவில் நின்றார். அடுத்த வாரம் யாரைக் கூட்டிக்கொண்டு போவது? உயிர் போகிற காரியத்திலும் அந்த மனுஷனுக்கு உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது என்ன தெரியுமா? அமிர்தத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்று! மறுநாள் சாயங்காலம் சீக்கிரமாகவே வந்து, காலிக் கேரியரை வைக்க வந்தவளை நிறுத்தி, சுற்றி வளைத்து, மென்று விழுங்கி, ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

அமிர்தம் கூடையை இறக்கி வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா தவறிட்டாங்களோன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்ணே" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தலையில தூக்குறவளுக்குத் தெரியாதா? மத்த கேரியரெல்லாம் வாங்குறப்பவே கையைச் சுடும். உங்களுது ஒண்ணுதான் சில்லுன்னு கெடக்கும். வாசல்ல கோலம் இருக்காது, கொடியில ஒரு சேலை காயாது. விடியக்காலம் ஆக்கி வச்சுட்டுப் போறீங்கன்னு நான் கூடை தூக்க வந்த மொத மாசமே தெரிஞ்சுபோச்சு."

"யாருகிட்டயாவது..."

"நான் ஏண்ணே சொல்லப் போறேன்? பாவமா இருக்கும். ஆறுன சோத்தைத் திங்கிறாரே மனுஷன்னு, உங்க கேரியரை மட்டும் கூடையில நடுவுல வைப்பேன். சுத்திச் சுடு கேரியரா அணைச்சு வச்சு, மேல துணியைப் போட்டு மூடிடுவேன். ஷாப்புக்குப் போறதுக்குள்ள ஒரு சூடு ஏறிடும்." அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "சூடா இருந்துச்சா இல்லியா?"

அடைக்கலராஜுக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டரம்மாள் சொன்ன ரெண்டுங்கெட்டான் சூடு இதுதான். நாலு வருஷமாக வெயிலில், சுடு கேரியர்களுக்கு நடுவில், அவருடைய சோறு அடைகாத்துப் புளித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் அவருக்காக ஒருத்தி இரக்கப்பட்டாள். அந்த இரக்கம்தான் அவர் வயிற்றைப் புண்ணாக்கியது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் தாங்குவாளா?

"இருந்துச்சும்மா" என்றார். "நல்லா சூடா இருந்துச்சு."

அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். "பொண்டாட்டி வேஷமெல்லாம் எனக்கு வேணாம்ணே. நாளைக்கு அது எங்க போய் முடியுமோ. அக்கா உசுரோடதான இருக்காங்க? போய்க் கூப்பிடுங்க. வயிறு இப்படி ஆயிப்போச்சுன்னு சொன்னா, வராம இருப்பாங்களா?"

வராமல் இருப்பாளா? அந்த ஒரு கேள்வியை நெஞ்சில் பிடித்துக்கொண்டு அவர் வாரம் முழுக்க ஓட்டினார். ஜீயபுரத்திலிருந்து மார்க்கெட்டுக்கு வாழையிலைக் கட்டு கொண்டுவருகிற ஆளிடம் சொல்லியனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன். சொல்லியனுப்பிய பிறகு சட்டையைத் துவைத்துப் போட்டார். சலூனுக்குப் போனார். இரண்டாவது தலையணையை வெயிலில் காயவைத்து, உறையை மாற்றினார். ஐம்பதை நெருங்குகிற மனுஷன். பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை ஃபோர்மேன் வந்து, "அடைக்கலம், நாளைக்கு அரை நாள் வர்றியா? ஒரு பாய்லர் அவசரம்" என்றார். வேறு எவனாக இருந்தாலும் மாட்டேன் என்றிருப்பான். இவருக்குத்தான் மறுக்கிற வாய் கிடையாதே! அரை நாள்தானே, முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? அரை நாள் வேலை அரை நாளில் முடியவில்லை. கரூர் ரோட்டு பஸ் ஒன்று போய்விட்டது. அடுத்தது வருவதற்குள் வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து, காவேரிக்கு அந்தப் பக்கம் தென்னைகளுக்கு மேலே தெரிந்த ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே போனார். காத்துக்கொண்டிருப்பாள், சாப்பிடாமல் காத்துக்கொண்டிருப்பாள், போனதும் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வாழைத்தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. அக்கா, "வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நகர்ந்துகொண்டாள். சவரியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே முன்பு இருந்த கறுப்பு இல்லை. கை கழுவத் தண்ணீர் கொடுத்தாள், இலை போட்டாள், ரசத்தைச் சுடவைத்து ஊற்றினாள். முருங்கைக்கீரைப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு, கெட்டி மோர். டாக்டரம்மாள் இங்கே வந்து சொல்லிவிட்டுப் போனாளோ என்று தோன்றும்படி இருந்தது.

அவர் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வயிற்றுப் புண், டாக்டர், கேரியர், நாலு வருஷப் பொய். அவள் தூணில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"வேளைக்குச் சாப்பிடணும், மென்னு சாப்பிடணும், புரோட்டாக் கடைக்குப் போகக் கூடாதுன்னு சொல்றாங்க" என்றார்.

"இதையேதாங்க பத்து வருஷமா நானும் சொன்னேன்" என்றாள். "எனக்கு ஃபீஸ் கொடுக்கல, அதான் காதுல ஏறல."

அவர் தலைகுனிந்தார். இலையில் கை நின்றது. மணி மூன்று இருக்கும். இவள் இன்னும் சாப்பிடாமல் நிற்கிறாள், நான் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் ஒருநாளும் கேட்காத கேள்வியை அன்றைக்குக் கேட்டார். ஊரில் எதிரே வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்கிற கேள்விதான்.

"நீ சாப்பிட்டியா?"

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"பன்னெண்டு மணிக்கே சாப்பிட்டேங்க. இப்பல்லாம் நான் யாருக்கும் காத்திருக்கிறதில்ல."

அதற்குமேல் கூப்பிடுவதற்கு அவருக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. புறப்படும்போது ஒரு சீப்பு ரஸ்தாளியைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். "தினம் ஒண்ணு சாப்பிடுங்க. வெறும் வயித்துல டீ குடிக்காதீங்க" என்றாள். பஸ் வரும்வரை கூட நின்றாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தார். இல்லை.

அன்றைக்கு இரவு அவர் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைந்து போட்டார். இருட்டியதும் உட்கார்ந்து சாப்பிட்டார். பானையில் மிச்சம் இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது தலையணையை எடுத்துப் பரணில் வைத்தார்.

திங்கட்கிழமை விடியலில் சோற்றை வடித்துத் தட்டில் பரப்பி விசிறியால் ஆற்றினார். முழுக்க ஆறிய பிறகு மோர் விட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கீரை வைத்து, கேரியரை மூடினார். மாடத்தில் வைக்கவில்லை. அமிர்தம் குடியிருந்த வரிசைக்குப் போய் அவளைக் கூப்பிட்டு, "இனிமே கையோடயே கொண்டுபோகச் சொல்லிட்டாங்க டாக்டரம்மா. நேரத்துக்குச் சாப்பிடணுமாம்" என்றார். அவள், "அக்கா வரலியாண்ணே?" என்று கேட்டாள். "வரல" என்றார். வேறு எதையும் அவர் சொல்லவில்லை. அவள் கடைசிவரை, தான் அணைத்து வைத்த சூட்டில் ஒரு மனுஷன் நன்றாகச் சாப்பிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டில் நுழையும்போது கேரியர் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கியது. பார்த்தவர்கள் பார்த்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் டாக்டரம்மாளிடம், "கூட்டிட்டு வர ஆள் இல்ல, எங்கிட்டயே சொல்லுங்க" என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டார். மத்தியானச் சங்கு ஊதியது. கேரியரை எடுத்துக்கொண்டு தகட்டு மூலைக்குப் போன கால் பாதியில் நின்று, வட்டத்துக்குத் திரும்பியது. மதுரைவீரன் நகர்ந்து இடம் விட்டார்.

"என்ன அடைக்கலம், இன்னைக்குக் கையோட கொண்டாந்துட்ட? தங்கச்சி ஊருக்குப் போயிருக்கா?"

"போயி நாலு வருஷமாச்சு" என்றார் அடைக்கலராஜ்.

மூடியைத் திறக்கிற சத்தம் நின்றுபோனது. மதுரைவீரன் கையை நீட்டி, அவருடைய கேரியரிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார்.

"உப்பு பத்தல. யாரு ஆக்குனது?"

"நான்தான்."

"ம்" என்றார் மதுரைவீரன். தன்னுடைய அடுக்கிலிருந்து ஒரு ஊறுகாய்த் துண்டை எடுத்து வைக்கப் போனார். அடைக்கலராஜ், "காரம் ஆகாது" என்று கையைக் காட்டித் தடுத்தார். பிறகு பழக்கத்தில் கேரியரை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒரு கவளம் எடுத்து மெதுவாக மென்றார். சோறு சில்லென்று இருந்தது. புளிக்கவில்லை.